காரைக்குடியில் வாங்கிய மலேசிய இ-சிம்

தைப்பூசத்துக்காகப் பினாங்கு தண்ணீர்மலைக்குப் புறப்படுமுன், காரைக்குடி செக்காலைச் சாலையிலுள்ள ஒரு கைப்பேசிக் கடையில் மலேசியாவுக்கான இ-சிம் (அட்டை செருகாமல் கைப்பேசிக்குள்ளேயே பதியும் சிம்) வாங்கினேன். முந்தைய பயணத்தில் டேட்டா ரோமிங்கை, அதாவது இந்திய சிம்மிலேயே வெளிநாட்டில் இணையம் ஓடும் வசதியை, அணைக்க மறந்ததால், வாட்ஸ்அப் படங்கள் தாமாகவே இறங்கி, வந்த பில்லை ஆச்சியிடம் காட்டவே கூசியது.

கடைக்காரர் பொறுமைசாலி. ஸ்டார் ஹேஷ் 06 ஹேஷ் என்று அழுத்தச் சொல்லி, திரையில் இஐடி எனும் இ-சிம் அடையாள எண் தெரிந்து, கைப்பேசி இ-சிம் ஏற்கும் என்று உறுதியான பிறகே பணம் வாங்கினார். அங்கே இறங்கியபின் இணையமின்றித் தவிக்காதிருக்க, கடையின் வைஃபையிலேயே க்யூஆர் கோடை ஸ்கேன் செய்து பதிந்து தந்தார். வங்கி ஓடிபிக்காக இந்திய சிம்மை இயங்கவிட்டு, அதன் டேட்டா ரோமிங்கை மட்டும் அணைத்ததோடு, ஒரு சிம்மில் சிக்னல் குறைந்தால் மற்றதன் டேட்டாவுக்குத் தானாகத் தாவும் வசதியையும் நிறுத்தினார். பலர் பணத்தைக் கோட்டை விடுவது இங்கேதான்.

பினாங்கில் இணையம் தடையின்றிக் கிடைத்தது. ஊருக்கு வாட்ஸ்அப்பில் பழைய எண்ணிலேயே பேசினேன். ஆனால் இந்த இ-சிம்மில் டேட்டா மட்டுமே உண்டு, உள்ளூர் எண் கிடையாது என்பதைக் கடையில் சொல்லவில்லை. உள்ளூரில் போன் செய்ய விடுதி வரவேற்பாளரின் கைப்பேசியை இரவல் கேட்க நேர்ந்தது.