மாதச் சந்தாவா, ஒருவரின் பெருங்கொடையா?

கறுப்பின அமெரிக்கர்களின் கொடை மரபில் இரண்டு வழிகளும் உண்டு. ஓர் ஊரில் கொடைப் பணியைப் புதிதாகத் தொடங்குவோருக்கு நான் முதல் வழியையே பரிந்துரைப்பேன்.

அடிமைகளாகப் பிறந்து விடுதலை பெற்ற ரிச்சர்ட் ஆலனும் அப்சலோம் ஜோன்ஸும் 1787இல் பிலடெல்பியாவில் சுதந்திர ஆப்பிரிக்கர் சங்கத்தைத் தொடங்கினார்கள். மாதம் ஒரு ஷில்லிங் சந்தா. நலிந்த உறுப்பினருக்கு வாரம் மூன்று ஷில்லிங் ஒன்பது பென்ஸ். விதவைகளுக்கும் உதவி உண்டு. தந்தையை இழந்த பிள்ளைகளின் படிப்பையும் சங்கம் கவனித்தது. இன்று கொடுப்பவரே நாளை வாங்கலாம் என்பதால் கை நீட்ட யாரும் கூச வேண்டியதில்லை. இதைத்தான் நான் பெரிதாக மதிக்கிறேன். 1793இல் மஞ்சள் காய்ச்சல் பரவியபோது சங்கத்தார் நோயாளிகளைப் பராமரித்தார்கள், இறந்தவர்களை அடக்கம் செய்தார்கள். மாதாமாதம் கூடிப் பழகியவர்களால்தான் இப்படி உடனே களமிறங்க முடியும்.

இரண்டாம் வழிக்கு எடுத்துக்காட்டு ஒசியோலா மெக்கார்ட்டி, தனி ஆள். அமெரிக்காவின் மிசிசிப்பி மாநிலத்து ஹாட்டிஸ்பர்க்கில் துணி வெளுத்தே பிழைத்தவர். ஆறாம் வகுப்போடு படிப்பு நின்றது. சேமித்த பணத்தைப் பங்கிட, வங்கியில் அவர் முன்னே பத்து நாணயங்களை வைத்தார்கள்; ஒவ்வொன்றும் பத்தில் ஒரு பங்கு. ஒன்று தேவாலயத்துக்கு, மூன்று உறவினருக்கு, மீதி ஆறு ஏழை மாணவர்களுக்கு! 1995இல் 1,50,000 டாலர் தெற்கு மிசிசிப்பி பல்கலைக்கழகத்துக்கு என்று அறிவிக்கப்பட்டது. கல்லூரிக் கட்டணத்துக்குப் பெருந்தொகைதான் உதவும், உண்மை. ஆனால் அப்படியொருவர் எல்லா ஊரிலும் வாய்ப்பதில்லை. மெக்கார்ட்டியின் கொடைச் செய்தி பரவியதும் நூற்றுக்கணக்கானோர் அந்த நிதியில் தங்கள் பணத்தையும் சேர்த்தார்கள்.