குற்றாலம்: ஆனிச் சாரலா, ஐப்பசி மழையா?

குற்றாலத்துக்கு ஆண்டில் இருமுறை மழைக்காலம் வருகிறது. இரண்டின் குணமும் வேறு.

ஜூன் முதல் செப்டம்பர் வரை தென்மேற்குப் பருவக்காற்று. கேரளத்தில் கொட்டித் தீர்த்த மேகங்களின் மிச்சம் ஆரியங்காவு கணவாய் வழியே நுழைந்து பொடித் தூறலாக இறங்குகிறது. அதுதான் சாரல். குடை பிடித்தாலும் பக்கவாட்டில் நனைக்கும். சற்று நேரத்தில் வெயில் எட்டிப் பார்க்கும், மறுபடி தூறும். ஊருக்குள் பெய்வது கொஞ்சம்தான். ஆனால் மலைமேல் பெய்யும் மழை பேரருவியையும் ஐந்தருவியையும் நிரப்பிவிடும். தெரு காய்ந்திருக்க அருவி மட்டும் ஆர்ப்பரித்து விழும் அந்த அதிசயம் எனக்கு இன்றும் அலுக்கவில்லை.

அக்டோபர் முதல் டிசம்பர் வரை வடகிழக்குப் பருவமழை. இடி மின்னலோடு கனமாகப் பெய்யும். தென்காசி வட்டாரத்துக் குளங்களை நிரப்புவது பெரிதும் இதுதான். அருவியில் வெள்ளம் செந்நிறமாகச் சீறும்போது குளிக்கத் தடை விதிப்பார்கள். தயவுசெய்து மீறாதீர்கள், 2024 மே மாதக் கோடைமழையிலேயே பழைய குற்றாலத்தில் திடீர் வெள்ளம் ஒரு சிறுவனைக் கொண்டுபோனது.

குளிக்க வருபவர்களுக்கு ஜூலையைத்தான் சொல்வேன். நிறைந்த குளமும் பச்சை வயலும் பார்க்க ஆசையென்றால் டிசம்பர் கடைசியில் வாருங்கள்.