தமிழ் எழுத்துக்கு எந்தப் பழைய கணினி: ஸ்பெக்ட்ரமா, கொமடோர் 64ஆ?

கொழும்பு வெள்ளவத்தையில் ஞாயிறுதோறும் கூடுகின்ற நாங்கள் நால்வர், சிறுவருக்கான தமிழ்ச் சொல் விளையாட்டொன்றை எண்பதுகளின் வீட்டுக் கணினிக்குப் புதிதாக எழுதத் தீர்மானித்தபோது, முதலில் எழுந்த வாதம் எந்தக் கணினிக்கு எழுதுவது என்பதுதான். சின்கிளேர் இசட்எக்ஸ் ஸ்பெக்ட்ரம், கொமடோர் 64 ஆகிய இரண்டும் 1982இல், அதாவது இலங்கை அரச தொலைக்காட்சியான ரூபவாஹினி தன் ஒளிபரப்பைத் தொடங்கிய அதே ஆண்டில், விற்பனைக்கு வந்தவை. இரண்டும் வீட்டுத் தொலைக்காட்சியையே திரையாகக் கொண்டவை. இரண்டுக்கும் இன்றுவரை உலகெங்கும் பொழுதுபோக்காகச் செய்நிரல் எழுதுவோர் இருக்கிறார்கள். வழக்கமான ஒப்பீடுகள் வண்ணத்தையும் இசையையும் அளவுகோலாகக் கொள்கின்றன. எங்களுக்கோ திரையில் தமிழ் எழுத்துத் தெளிவாகத் தெரிய வேண்டும் என்பதே முதல் அளவுகோல். ஆகவே இந்த அலசலும் அதிலிருந்தே தொடங்குகிறது.

தமிழின் 247 எழுத்துகளுக்கும் 247 தனி வடிவங்கள் தேவையில்லை. உயிர் 12, ஆய்தம் 1, அகர வரிசை 18, புள்ளி வைத்த மெய் 18, இகர, ஈகார, உகர, ஊகார வரிசைகள் 72 ஆகியவற்றுடன் கால், ஒற்றைக்கொம்பு, இரட்டைக்கொம்பு, ஐகாரக் குறி என்ற நான்கையும் சேர்த்தால் 125 வடிவங்களில் எல்லாம் அடங்கிவிடும். ஔகாரத்துக்கு ளகர வடிவமே உதவும். சிக்கல் எண்ணிக்கையில் இல்லை, அகலத்தில் இருக்கிறது. இரு கணினிகளும் எழுத்தொன்றுக்கு ஒதுக்கும் கட்டம் 8க்கு 8 பிக்சல் மட்டுமே. ஆங்கில எழுத்துக்கு அது தாராளம். ஆனால் ணகரத்தின் சுழிகளையோ, ஞூ என்ற எழுத்தின் கீழ்க்கோட்டையோ அதற்குள் அடக்க முயன்றால் வாசிக்கவே முடியாத கறைதான் மிஞ்சும். மேலே புள்ளிக்கும், கீழே உகரக் கோட்டுக்கும் இடம் விட்டு 16க்கு 16 பிக்சலில் வரைந்தபோதுதான் எழுத்து எழுத்தாகத் தெரிந்தது.

இந்த இடத்தில்தான் இரண்டும் பிரிகின்றன. கொமடோரின் எழுத்துத் திரை 256 வடிவங்கள் கொண்ட அட்டவணையை நம்பியது. அந்த அட்டவணையை, நினைவக முகவரிகளில் 53272ஆம் முகவரியில் உள்ள பதிவேட்டின் வழியாக நமக்கு வேண்டிய இடத்துக்கு மாற்றலாம் என்பது பெரிய வசதிதான் என்றாலும், நம் எழுத்தொன்று நான்கு கட்டங்களைப் பிடிப்பதால் 125 வடிவங்களுக்கு 500 இடங்கள் வேண்டும். ஆகவே வேகமான எழுத்துத் திரையைக் கைவிட்டு, 8000 பைட்டு கொண்ட பிக்சல் திரைக்குப் போக வேண்டியதாகிறது. ஸ்பெக்ட்ரத்திலோ தொடக்கத்திலிருந்தே பிக்சல் திரை மட்டும்தான் உண்டு: படத்துக்கு 6144 பைட்டு, வண்ணத்துக்கு 768 பைட்டு. எழுத்துகள் முழுவதற்கும் 4000 பைட்டு போதும். 48 கிலோபைட்டு மாதிரியில் அது சுமையல்ல.

வரைவதிலும் ஸ்பெக்ட்ரத்தின் இசட்80 செயலி எங்களுக்கு இணக்கமாக இருந்தது. தமிழ் எழுத்துகள் ஒரே அகலம் உடையவை அல்ல. காலுக்கும் ணகரத்துக்கும் ஒரே இடத்தை ஒதுக்கினால் சொற்கள் பல்லிழந்த வாய்போலத் தோன்றும். எழுத்தை எந்தப் பிக்சலிலும் தொடங்க வேண்டுமென்றால் அதன் பிட்டுகளை இடப்புறமோ வலப்புறமோ நகர்த்த வேண்டும். இசட்80இல் 16 பிட்டை இடப்புறம் நகர்த்த ஒரே கட்டளை போதும், கொமடோரின் 6510 செயலியில் அதற்கு இரண்டு கட்டளைகள் வேண்டும். ஸ்பெக்ட்ரத்தின் திரை முகவரிகள் மூன்று பகுதிகளாகத் தாறுமாறாக அமைந்திருப்பதைப் பலரும் குறையாகச் சொல்வார்கள். ஆயினும் ஒரு கட்டத்துக்குள் அடுத்த வரிக்கு இறங்க முகவரியின் மேற்பைட்டில் ஒன்றைக் கூட்டினால் போதும் என்பது எழுத்து வரைவோருக்குப் பெரும் கொடை.

கொமடோருக்குச் சாதகமானவையும் உண்டு. அதன் திரை 320 பிக்சல் அகலம், ஸ்பெக்ட்ரமோ 256. ஆகவே 16 பிக்சல் கணக்கில் ஒரு வரிக்கு 20 எழுத்துகளும் 16 எழுத்துகளும் என்ற வித்தியாசம் வருகிறது. நீண்ட தமிழ்ச் சொற்களுக்கு இது சிறிய விடயம் அல்ல. அதன் ஒலிச் சில்லான சிட்டின் மூன்று குரல் இசையைப் பற்றி அதிகம் சொல்லத் தேவையில்லை. 48 கிலோபைட்டு ஸ்பெக்ட்ரத்தில் ஒலி எழுப்பும்போது செயலி வேறு வேலை செய்ய இயலாது.

கற்பிப்பதற்கு எது நல்லது என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. ஸ்பெக்ட்ரத்தில் உள்ளமைந்த பேசிக் என்ற நிரல்மொழியில் கோடும் வட்டமும் வரையவும் ஒலி எழுப்பவும் தனிச் சொற்கள் உண்டு. பயனர் வரையும் 21 வடிவங்களை ஒன்றும் சுழியமுமாகத் தட்டச்சு செய்தே உருவாக்கலாம். பதினொரு வயதான என் மருமகள் கட்டக் கொப்பியில் டகரத்தை வரைந்து, நிரப்பிய கட்டத்துக்கு 1, வெற்றுக் கட்டத்துக்கு 0 என்று எட்டு வரிகளை அடித்து, அது திரையில் தோன்றியதைப் பார்த்த பிறகுதான் எழுத்துரு என்றால் என்ன என்பதைப் புரிந்துகொண்டாள். கொமடோரின் பேசிக்கில் படத்துக்கோ ஒலிக்கோ கட்டளையே இல்லாததால் எல்லாவற்றையும் முகவரிகளில் எண்களை இட்டே செய்ய வேண்டும்.

கருவிகளைப் பொறுத்தவரை பெரிய இடைவெளி இல்லை. சி மொழியில் எழுதிய நிரலை மாற்றித் தர ஸ்பெக்ட்ரத்துக்கு இசட்88டிகே, கொமடோருக்கு சிசி65, பழைய கணினியை இன்றைய கணினியில் போலச்செய்யும் எமுலேட்டராக முறையே ஃபியூஸ், வைஸ், நான்கும் இலவசம். தமிழுக்கான வேலை ஒன்று மட்டும் இரண்டுக்கும் பொது. யூனிகோடில் ‘கெ’ என்பது ககரத்தின் பின்னே கொம்பாகச் சேமிக்கப்படும், திரையிலோ கொம்புதான் முன்னே வரும். இந்த இடமாற்றத்தைப் பழைய கணினியிடம் விடாமல், மடிக்கணினியில் ஒரு பைதன் நிரலால் செய்து, வடிவத்துக்கு ஒரு பைட்டு என்ற குறியீடாக மாற்றிக் கொடுக்கிறோம். யூனிகோடு பரவுமுன் தமிழுக்குப் பயன்பட்ட திஸ்கி குறியீடு கையாண்ட வழியும் ஏறத்தாழ இதுவே.

உண்மையான இயந்திரத்தில் ஓட்ட விரும்புவோர் கடற்காற்றையும் கணக்கில் எடுக்க வேண்டும். ஸ்பெக்ட்ரம் விசைப்பலகையின் மெல்லிய இணைப்பு நாடா காலப்போக்கில் உலர்ந்து வெடிக்கும்; எங்களுடையது இருமுறை வெடித்துவிட்டது. கொமடோரின் விசைப்பலகை உறுதியானது. அதன் காணொளி வெளியீட்டை இன்றைய தொலைக்காட்சியுடன் இணைப்பதும் எளிது. ஆனால் அதன் பழைய மின்வழங்கியைச் சோதிக்காமல் செருகினால், மிகை மின்னழுத்தம் நினைவகச் சில்லுகளை எரித்துவிடக்கூடும்.

சொல்லும் வாசிப்பும் முதன்மையான எங்கள் விளையாட்டை ஸ்பெக்ட்ரத்துக்கே எழுதுகிறோம். மேலிருந்து விழும் எழுத்துகளைப் பிடித்துச் சொல்லாக்கும் இரண்டாவது விளையாட்டைக் கொமடோருக்கு ஒதுக்கியிருக்கிறோம். அதன் வன்பொருளே பின்னணியைத் தொடாமல் இடம் மாற்றிக் காட்டும் எட்டு ‘ஸ்பிரைட்’ உருவங்களில் ஒவ்வொன்றும் 24க்கு 21 பிக்சல். புள்ளியும் உகரக் கோடும் சேர்ந்த எழுத்துக்கு அளந்து தைத்த சட்டைபோல அது பொருந்துகிறது. ‘கொ’ மட்டும் மூன்று உருவங்களை விழுங்கிவிடுவதால், முதற்கட்டச் சொற்பட்டியலில் மரம், மீன், நண்டு, குருவி ஆகியவற்றைத்தான் வைத்திருக்கிறோம்.