செலவழித்த அமெரிக்கா, செலவைக் குறைத்த பிரிட்டன்

2008 பொருளாதாரச் சரிவுக்குப் பிறகு அமெரிக்கா, பிரிட்டன் இரண்டிலும் அரசின் பற்றாக்குறை (வரவை மிஞ்சிய செலவு) நாட்டின் மொத்த உற்பத்தியில் கிட்டத்தட்ட 10 சதவீதம். போன வழிதான் வேறு. ஒபாமா 2009 பிப்ரவரியில் 787 பில்லியன் டாலர் திட்டத்தில் கையெழுத்திட்டார்: வரிச்சலுகை, வேலையிழந்தோருக்கு உதவி, மாநிலங்களுக்கு நிதி, சாலைப் பணிகள். பிரிட்டனில் 2010இல் நிதியமைச்சரான ஜார்ஜ் ஆஸ்போர்ன் துறைகளின் செலவை வெட்டினார். 2011 ஜனவரியில் வாட் வரி (பொருள், சேவை வாங்கும்போது விலையோடு சேரும் வரி) 17.5இலிருந்து 20 சதவீதமானது. மக்கள் கையில் காசு இல்லாத நேரத்தில் கடைச் சாமான்களுக்கு வரியைக் கூட்டிய கணக்கு எனக்கு இன்றும் பிடிபடவில்லை.

அமெரிக்க உற்பத்தி 2011இலேயே பழைய உச்சத்தைத் தொட்டது. பிரிட்டனுக்கு 2013 வரை ஆனது. சரி, யூரோ நாடுகளின் கடன் நெருக்கடியும் பிரிட்டனைப் பின்னுக்கு இழுத்தது உண்மைதான். ஆனால் 2015-16க்குள் பற்றாக்குறையை ஏறக்குறைய ஒழித்துவிடலாம் என்று ஆஸ்போர்ன் போட்ட திட்டமும் பலிக்கவில்லையே!