போதைக்கு மூன்று ஊர்ச் சட்டங்கள்

போதைப்பொருளைத் தடுப்பதா, அனுமதிப்பதா என்று பேச்சு வந்தால் ஒருவர் சிங்கப்பூரைக் காட்டுவார், இன்னொருவர் போர்ச்சுகலைக் காட்டுவார். அமெரிக்காவின் ஓரிகன் மாநிலம் பேச்சில் அதிகம் வருவதில்லை. எனக்கு அதுதான் முக்கியமாகப் படுகிறது.

போர்ச்சுகலில் போதைப்பொருள் சட்டப்பூர்வம் ஆகிவிட்டது என்று நம்மில் பலர் நினைக்கிறோம். இல்லை, விற்றால் இன்றும் சிறைதான். 2001 ஜூலை முதல், சொந்த உபயோகத்துக்குப் பத்து நாள் அளவுக்குள் வைத்திருந்தால் (ஹெராயின் என்றால் 1 கிராம்) குற்ற வழக்கு கிடையாது. அதற்காகச் சும்மாவும் விடுவதில்லை. பொருளைப் பறிமுதல் செய்து, மூன்று பேர் கொண்ட குழுவின் முன் வரச் சொல்வார்கள். அடிமையானவர் என்று தெரிந்தால் சிகிச்சைக்கு வழிகாட்டுவார்கள். ஹெராயினுக்குப் பதிலாகச் சிகிச்சையில் தரும் மெத்தடோன் மருந்து, சுத்தமான ஊசி எல்லாம் கூடவே பரவலாகக் கிடைத்தன. ஊசிவழி எச்.ஐ.வி. தொற்று பெருமளவு சரிந்தது.

ஓரிகனும் 2020 வாக்கெடுப்பில், சொந்த உபயோகத்துக்குச் சிறிய அளவில் வைத்திருப்பதற்கான குற்றத் தண்டனையை எடுத்தது. 2021 பிப்ரவரி முதல் 100 டாலர் அபராதச் சீட்டு. உதவி எண்ணை அழைத்துப் பேசினால் அதுவும் தள்ளுபடி. பெரும்பாலானோர் அழைக்கவும் இல்லை, கட்டவும் இல்லை. சிகிச்சைக்கான பணமோ தாமதமாகத்தான் வந்து சேர்ந்தது. அப்புறம் ஹெராயினைவிட வீரியமான ஃபென்டனில் என்ற போதைப்பொருள் அங்கே பரவிய காலமும் அதுவே என்பதால், சாவுகள் கூடியதற்குச் சட்டத்தை மட்டும் பழிப்பது நியாயமில்லை. ஆனாலும் மக்கள் பொறுமை இழந்தார்கள்; 2024 செப்டம்பரில் வைத்திருப்பது மீண்டும் குற்றமானது.

சிங்கப்பூரில் 15 கிராமுக்கு மேல் ஹெராயின் கடத்தினால் மரண தண்டனை. அங்கே பழக்கம் குறைவுதான், மறுக்கவில்லை. ஆனால் தூக்குமேடை வரை போவது பெரும்பாலும் பொட்டலம் சுமக்கும் ஏழைகள். 2022 ஏப்ரலில் சுமார் 43 கிராமுக்காகத் தூக்கிலிடப்பட்ட மலேசியத் தமிழரின் அறிவுத்திறன் அளவு (ஐ.க்யூ.) வெறும் 69 என்று மதிப்பிடப்பட்டிருந்தது. சரக்கை அனுப்பும் முதலாளி மாட்டுவது அபூர்வம்.

என் ஓட்டு போர்ச்சுகலுக்குத்தான், சிகிச்சைக்குப் பணம் ஒதுக்கிய பிறகு. அங்கேயே 2012 நிதி நெருக்கடியில் இதற்கென இருந்த தேசிய நிறுவனத்தைக் கலைத்து, சிகிச்சையை வட்டார சுகாதார நிர்வாகங்களிடம் ஒப்படைத்தார்கள். சட்டத்தில் பெரிய மாற்றமில்லை. ஆனால் சில ஆண்டுகளில் போர்ட்டோ நகரில் தெருவிலேயே ஊசி போடுகிறார்கள் என்ற புகார் மறுபடி கிளம்பியது.