விண்ட்மில் ஹில், மெய்டன் காசில், ஹாம்பிள்டன் ஹில்: எதில் ஏறலாம்?

தெற்கு இங்கிலாந்தில் புதிய கற்கால மக்கள் சில குன்றுகளின் உச்சியைச் சுற்றி அகழி வெட்டினார்கள். ஐந்தாயிரம் ஆண்டுக்கும் முந்தைய வேலை அது. அகழி தொடர்ச்சியாக ஓடாது. இடையிடையே மண்ணை வெட்டாமல் வழி விட்டிருப்பார்கள். இப்படி அகழி சூழ்ந்த இடம்தான் புதிய கற்கால வளாகம். ஒரு குன்றுக்குத்தான் நேரம் உண்டு என்றால் எதைப் பார்ப்பது?

பேரும் புகழும் விண்ட்மில் ஹில்லுக்குத்தான். கல்வட்டத்துக்குப் பேர்போன ஏவ்பரி கிராமத்திலிருந்து நடந்தே போகலாம். ஒன்றுக்குள் ஒன்றாக மூன்று அகழி வளையங்கள், வெளிவளையம் குறுக்கே சுமார் 360 மீட்டர். 1920களில் இங்கே அகழாய்வு செய்தவர் மார்மலேட் வியாபாரக் குடும்பத்து வாரிசு அலெக்சாண்டர் கெய்லர். ஆனால் நேரில் போனால் புல்தரையில் லேசான பள்ளங்கள், அவ்வளவுதான். கண்ணில் படும் மேடுகளும் பிற்காலத்து வெண்கலக் காலப் புதைமேடுகள். ஏவ்பரியில் கெய்லர் பெயரில் உள்ள அருங்காட்சியகத்தைப் பார்த்துவிட்டு ஏறினால் ஏமாற்றம் கொஞ்சம் குறையும்.

டார்செட் மாவட்டத்தில் டார்செஸ்டர் நகருக்கு அருகிலுள்ள மெய்டன் காசில் இதற்கு நேர்மாறு. அடிவாரத்திலேயே வண்டியை நிறுத்தலாம், கட்டணம் கிடையாது. அடுக்கடுக்கான மண் அரண்கள் மலைக்க வைக்கும். 1934 முதல் 1937 வரை இதைத் தோண்டிய மார்ட்டிமர் வீலர் நமக்கும் தெரிந்தவர்தான்: 1945இல் அரிக்கமேட்டைத் தோண்டியவர். ஒரு சிக்கல், நாம் வியக்கும் அரண்கள் இரும்புக்காலத்தவை. புதிய கற்கால வளாகம் அவற்றுக்கு அடியில் புதைந்து கிடக்கிறது.

என் ஓட்டு ஹாம்பிள்டன் ஹில்லுக்கு. டார்செட்டிலேயே, 192 மீட்டர் உயரம், செங்குத்தான ஏற்றம். இங்கும் இரும்புக்காலக் கோட்டை உண்டு. ஆனால் அதற்குள்ளேயே குன்றின் முதுகில் புதிய கற்கால நீள்புதைமேடு ஒன்று படுத்திருக்கிறது. இரண்டு காலத்தையும் ஒரே பார்வையில் பார்த்துவிடலாம். கோட்டைக்கு வெளியே இருக்கும் கற்கால வளாகத்தின் அகழியில் தொல்லியலாளர் ரோஜர் மெர்சரின் குழு மனித மண்டையோடுகளைக் கண்டெடுத்தது. அகழியின் அடியில் வேண்டுமென்றே வைக்கப்பட்டவை. அம்பு பாய்ந்து இறந்த ஓர் இளைஞனின் எலும்புக்கூடும் கிடைத்தது. அப்புறம் 1645இல், இங்கிலாந்தின் உள்நாட்டுப் போரை வெறுத்து ஆயுதம் எடுத்த கிராமத்தாரை, நாடாளுமன்றத் தரப்புத் தளபதி குரோம்வெல்லின் படை இதே குன்றில்தான் விரட்டிப் பிடித்தது.

சின்னக் குழந்தைகளோடு போவதென்றால் மட்டும் மெய்டன் காசிலே சரி. ஹாம்பிள்டனில் மழைக்குப் பிறகு சுண்ணப் பாதை வழுக்கும், காற்றும் தள்ளும். பிடிமானமுள்ள காலணி இல்லாமல் ஏற வேண்டாம்.