ஈபிஎப் எந்தப் பக்கத்தில்? ஊழியர் நலக் கையேடு செய்வித்த அனுபவம்

எங்கள் கம்பெனிக்கு ஊழியர் நலக் கையேடு ஒன்று செய்து வாங்கி இப்போது ஏழு மாதம் ஆகிறது. சம்பளத்துக்கு மேலே ஒருவருக்கு என்னென்ன கிடைக்கும், ஈபிஎப் என்கிற ஊழியர் சேமலாப நிதி, ஈடிஎப் என்கிற ஊழியர் நம்பிக்கை நிதியம், லீவு, மருத்துவக் காப்புறுதி, வேலையை விட்டுப் போகும்போது கிடைக்கிற பணிக்கொடை, இதையெல்லாம் எங்கள் கம்பெனியின் கணக்குப்படியே எழுதி எங்கள் ஆட்களுக்கென்றே அச்சடித்த புத்தகம் அது. இந்த வேலையைச் செய்து தருகிறவர்கள் கொழும்பில் இருக்கிறார்கள் என்பதே எனக்கு முன்பு தெரியாது, தெரிந்தவர் ஒருவர் சொல்லித்தான் பம்பலப்பிட்டியில் உள்ள ஒரு சிறிய நிறுவனத்துக்குப் போனோம். பெயரைப் போடவில்லை, குறைகளையும் சொல்லப் போகிறேன். நீங்கள் வேறு எவரிடம் போனாலும் கவனிக்க வேண்டிய விஷயங்கள் இவைதான்.

நான் ஏன் இதற்கு இவ்வளவு அலைந்தேன் என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். எங்கள் தலைமை அலுவலகம் கொள்ளுப்பிட்டியில், களஞ்சியம் பேலியகொடையில், எல்லாமாக 160 பேர். களஞ்சியத்தில் வேலை செய்கிற அண்ணன் ஒருவர், கொட்டாஞ்சேனையில் இருந்து வருகிறவர், ஒருநாள் ஒரு பையோடு என் மேசைக்கு வந்தார். பைக்குள் மனைவியின் ஆஸ்பத்திரி பில்கள், மருந்துச் சீட்டுகள், என்ன நோய், என்ன சிகிச்சை என்று ஆஸ்பத்திரி எழுதித் தருகிற டயக்னோசிஸ் கார்ட், எல்லாம் திகதி வாரியாக அடுக்கி இறப்பர் பேண்ட் போட்டிருந்தது. "மிஸ், ஒண்ணும் தொலைக்காம பத்திரமா வச்சிருக்கேன். இப்ப குடுத்தா எடுப்பாங்களா?" என்று கேட்டார். எங்கள் காப்புறுதித் திட்டத்தில் ஆஸ்பத்திரியில் இருந்து வீடு வந்து 60 நாளுக்குள் கிளெய்ம் கொடுக்க வேண்டும். அவர் வந்தது 74ஆவது நாள். எழுதிக் கேட்டும் மறுத்துவிட்டார்கள். அந்த 60 நாள் விஷயத்தை நாங்கள் எல்லோருக்கும் அனுப்பித்தான் இருந்தோம், ஆனால் ஆங்கிலத்தில், மின்னஞ்சலில், 11ஆம் பக்கத்தில். அந்த அண்ணனுக்குக் கம்பெனி மின்னஞ்சலே கிடையாது. அன்று இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை.

சரி, விஷயத்துக்கு வருகிறேன்.

முதல் சந்திப்பில் அவர்கள் காட்டிய மாதிரிப் புத்தகங்கள் பார்க்க நல்ல வடிவாக இருந்தன, ஆனால் அமெரிக்கக் கம்பெனிகளின் அச்சில் வார்த்தவை. அங்கே வருடத்துக்கு ஒருமுறை ஊழியர்கள் தங்களுக்கு வேண்டிய காப்புறுதித் திட்டத்தைத் தெரிவு செய்து பதிவு செய்கிற காலம் ஒன்று இருக்கிறது, அதனால் கையேடு முழுக்க இந்தத் திட்டமா அந்தத் திட்டமா என்று ஒப்பிட்டுக் காட்டுவதாகவே இருக்கும். இங்கே நிலைமை வேறு. எங்களுடைய உரிமைகளில் பெரும் பகுதி சட்டத்திலேயே இருக்கிறது, தெரிவு செய்ய ஒன்றுமில்லை, தெரிந்து வைத்திருக்கத்தான் வேண்டும். இதைச் சொன்னவுடன் அவர்கள் மாதிரிகளை மூடி வைத்துவிட்டுக் கேட்ட முதல் கேள்வியில்தான் எனக்கு நம்பிக்கை வந்தது: "உங்கள் ஆட்களில் யார் யார் கடை, அலுவலக ஊழியர் சட்டத்துக்குள், யார் யார் சம்பளச் சபைக்குள்?" சம்பளச் சபை என்பது ஒவ்வொரு தொழில் வகைக்கும் சம்பளம், லீவு போன்றவற்றைத் தீர்மானிக்கிற சபை, இரண்டு பக்கத்துக்கும் லீவுக் கணக்கு ஒன்றல்ல. களஞ்சியத்தையும் அலுவலகத்தையும் ஒரே அட்டவணையில் போட்டிருந்தால் புத்தகம் வெளிவந்த அன்றே சண்டை தொடங்கியிருக்கும். அப்புறம் நியமனக் கடிதங்களின் மாதிரிகள், காப்புறுதி ஒப்பந்தம், கடைசி ஆறு மாதத்தில் எச்.ஆர். பிரிவுக்கு வந்த கேள்விகள் எல்லாவற்றையும் வாங்கிக்கொண்டு போனார்கள். அந்தக் கேள்விகளைக் கேட்டு வாங்கியது மிக நல்ல வேலை, ஏனென்றால் புத்தகத்தின் தலைப்புகள் பலதும் ஆட்கள் கேட்ட வாக்கியங்களாகவே அமைந்தன. "வேலையை விட்டால் எனக்கு என்ன கிடைக்கும்?" என்று ஒரு பக்கம். "அம்மாவுக்கும் காப்புறுதி இருக்கிறதா?" என்று இன்னொன்று.

அவர்கள் செய்ததில் எனக்கு மிகவும் பிடித்தது 6ஆம் பக்கம். அதில் ஒரு சம்பளச் சிட்டை, எங்கள் கம்பெனியின் சிட்டை எப்படி இருக்குமோ அப்படியே, ஈபிஎப் கணக்குக்கு உட்பட்ட சம்பளம் 60,000 ரூபாய் என்று வைத்துப் போட்டிருக்கிறார்கள். அதில் 8 வீதம், 4,800 ரூபாய், ஊழியரிடம் கழிகிறது. இது எல்லோருக்கும் தெரியும், கையில் குறைவதால் தெரியும். ஆனால் கம்பெனி தன் பங்காக 12 வீதம், 7,200 ரூபாய், ஈபிஎப்புக்குக் கட்டுகிறது, அதற்கு மேலே 3 வீதம், 1,800 ரூபாய், ஈடிஎப்புக்கு. இந்த 9,000 ரூபாய் சிட்டையின் அடியில் சிறிய எழுத்தில் கிடந்ததை அவர்கள் மேலே தூக்கி, "இந்த மாதம் உங்கள் பெயரில் சேர்ந்த காசு 13,800 ரூபாய்" என்று பெரிதாக எழுதினார்கள். பத்து வருடம் வேலை செய்த ஓட்டுநர் ஒருவர் அந்தப் பக்கத்தைப் பார்த்துவிட்டு, ஈடிஎப் என்பதும் தன் சம்பளத்தில் வெட்டுகிற காசு என்றே இத்தனை நாள் நினைத்திருந்ததாகச் சொன்னார். மேலதிக நேரக் கொடுப்பனவு இந்தக் கணக்குக்குள் வராது என்பதையும் அதே பக்கத்தில் ஒரு வரியில் சொல்லியிருந்தார்கள், அதனால் மாதாமாதம் எனக்கு வருகிற கேள்வி ஒன்று குறைந்தது.

பணிக்கொடைப் பக்கமும் அப்படித்தான். ஓய்வு பெறும்போது மட்டும்தான் அது கிடைக்கும் என்று எங்களிடம் பாதிப் பேர் நம்பியிருந்தார்கள். 1983ஆம் ஆண்டின் சட்டப்படி 15 பேரோ அதற்கு மேலோ வேலை செய்கிற இடத்தில் ஐந்து வருடம் முடித்த எவரும், தானே விலகிப் போனாலும், அதைப் பெறலாம். மாதச் சம்பளக்காரருக்கு கடைசிச் சம்பளத்தில் பாதியை வேலை செய்த வருடங்களால் பெருக்கினால் வருகிற தொகை. 60,000 ரூபாய்க்காரர் எட்டு வருடம் இருந்தால் 240,000 ரூபாய். இந்தக் கணக்கைக் கண்டால் ஆட்கள் வேலையை விட்டுப் போய்விடுவார்கள் என்று எங்கள் நிர்வாகத்தில் ஒருவர் தயங்கினார். உண்மையைச் சொன்னதற்காக எவரும் போகவில்லை.

இனிக் குறைகள். முதல் குறையும் பெரிய குறையும் தமிழ்.

ஒப்பந்தத்தில் மூன்று மொழி என்று எழுதியிருந்தது. சிங்களப் பிரதி நன்றாக வந்தது, ஆங்கிலம் நன்றாக வந்தது. தமிழ்ப் பிரதியைத் திறந்தால் முதல் பக்கத்திலேயே "வருங்கால வைப்பு நிதி", அடுத்து "தற்செயல் விடுப்பு", அப்புறம் "மருத்துவக் காப்பீடு". வெளியே யாரிடமோ மொழிபெயர்க்கக் கொடுத்திருக்கிறார்கள், அவர் தமிழ்நாட்டு வழக்கில் எழுதிக் கொடுத்திருக்கிறார். தமிழ்நாட்டில் அவை சரியான சொற்கள்தான். ஆனால் இங்கே ஒருவர் நாரஹேன்பிட்டித் தொழில் செயலகத்துக்குப் போனால் படிவத்தில் இருப்பது "ஊழியர் சேமலாப நிதி", "பின்னுரித்தாளி" (நொமினி) என்ற சொற்கள். கையேட்டில் ஒரு சொல்லும் படிவத்தில் இன்னொரு சொல்லும் இருந்தால் அந்த ஆள் கவுண்டரில் நின்று தடுமாறுவார், கடைசியில் ஆங்கிலம் தெரிந்த ஒருவரைத் தேடுவார். இதைத் தவிர்க்கத்தானே காசு கொடுத்துப் புத்தகம் செய்கிறோம். ஊழியர் சேமலாப நிதி, ஊழியர் நம்பிக்கை நிதியம், காப்புறுதி, அங்கத்துவ இலக்கம், இப்படி ஒரு சொற்பட்டியலை நானே இரண்டு மாலை உட்கார்ந்து எழுதிக் கொடுத்தேன். கேஷுவல் லீவை கேஷுவல் லீவு என்றே விடச் சொன்னேன், எங்கள் ஆட்கள் வாயில் அதுதான் வருகிறது.

சொல் சரியானதும் எழுத்துருவில் பிரச்சினை. தமிழை பாமினியில், அதாவது யூனிகோடு அல்லாத பழைய எழுத்துருவில், அடித்திருந்தார்கள். தாளில் அச்சடித்தால் ஒரு குறையும் தெரியாது. ஆனால் எங்கள் ஆட்கள் பெரும்பாலும் போனில்தான் படிக்கிறார்கள், பிடிஎப்பில் "பணிக்கொடை" என்று தேடினால் ஒன்றும் வராது, ஒரு பந்தியைப் பிரதி எடுத்து வாட்ஸ்அப்பில் ஒட்டினால் அர்த்தமில்லாத ஆங்கில எழுத்துகள் வரிசையாக வந்து விழும். யூனிகோடில் மாற்றித் தரச் சொன்னேன். மாற்றினார்கள், மாற்றியதில் கொம்பும் காலும் இடம் மாறி "கொ" எல்லாம் சிதறிப் போய், மறுபடியும் 28 பக்கத்தையும் எழுத்து எழுத்தாகப் பார்க்க வேண்டி வந்தது. மூன்று கிழமை இதிலேயே போனது. சிங்களப் பிரதிக்கு இந்தக் கதி வரவில்லை, தமிழைக் கடைசியில் செய்துகொள்ளலாம் என்று விட்டதால்தான் வந்தது, அதை அவர்களிடம் நேரே சொன்னேன். மன்னிப்புக் கேட்டார்கள், திருத்தத்துக்குக் காசும் எடுக்கவில்லை. அதையும் சொல்ல வேண்டும்.

உள்ளடக்கத்திலும் இரண்டு இடம் பிழை இருந்தது. ஓய்வு வயது 55 என்று பழைய பிரதி எதிலிருந்தோ எடுத்துப் போட்டிருந்தார்கள். 2021ஆம் ஆண்டின் 28ஆம் இலக்கச் சட்டத்தின் பின் தனியார் துறையில் குறைந்தபட்ச ஓய்வு வயது 60. ஈபிஎப் எடுக்கிற வயது ஆண்களுக்கு 55, பெண்களுக்கு 50 என்பது தனிக் கணக்கு. இரண்டையும் குழப்பிவிட்டார்கள். இன்னொன்று மகப்பேற்று லீவு. அலுவலகப் பெண்களுக்கு 84 நாள் என்று எழுதி, பக்கத்திலே அடைப்புக்குள் "12 கிழமை" என்று போட்டிருந்தது. வாராந்த விடுமுறை, போயா (பௌர்ணமி), சட்டப்படியான விடுமுறை நாட்கள் எதுவும் அந்த 84இல் சேராது, அதனால் உண்மையில் அது மூன்று மாதத்தை நன்றாகவே தாண்டும். எத்தனையாவது பிள்ளை என்ற வேறுபாடும் 2018ஆம் ஆண்டுத் திருத்தத்தோடு போய்விட்டது. ஒரு தாய் இந்தப் பக்கத்தை நம்பி இரண்டு மூன்று கிழமை முன்னதாகவே வேலைக்குத் திரும்பியிருப்பாள், பால்குடிக் குழந்தையை விட்டுவிட்டு. அடைப்புக்குள் இருந்த இரண்டு சொல்லால். அச்சுக்குப் போகுமுன் தொழிற்சட்டம் தெரிந்த ஒருவரிடம் கட்டாயம் காட்டுங்கள், செய்து தருகிறவர் எவ்வளவு நல்லவராக இருந்தாலும்.

அப்புறம் அந்த மடிப்புத் தாள். புத்தகத்தோடு சேர்த்து, நான்காக மடித்தால் சட்டைப்பைக்குள் போகிற ஒரு தாளும் செய்து தரலாம் என்பது அவர்களுடைய யோசனை. அதில் ஐந்து விஷயம் மட்டும், பெரிய எழுத்தில், மேலே முதல் வரியாக "ஆஸ்பத்திரியில் இருந்து வீடு வந்தால் 60 நாளுக்குள் பில் கொடுங்கள்", அதற்குக் கீழே என்னென்ன கொண்டுவர வேண்டும் என்பது, டயக்னோசிஸ் கார்டின் படத்தோடு. அச்சுக்குப் போகுமுன் அதைப் பேலியகொடைக்குக் கொண்டுபோய் நான்கு பேரிடம் வாசிக்கக் கொடுத்தேன். அந்தக் கொட்டாஞ்சேனை அண்ணனும் இருந்தார். வாசித்து முடித்து, "மிஸ், பில்ல யார்கிட்ட குடுக்கணும்னு இதுல இல்லையே" என்றார். எங்கள் யாருடைய கண்ணுக்கும் அது படவில்லை, மூன்று மொழிக்கும் சேர்த்து ஏழு பேர் சரிபார்த்திருந்தோம். மேசை, தொலைபேசி உள் இலக்கம், நேரம் மூன்றும் அதற்குப் பிறகுதான் ஏறின.

காசு விவரம். மூன்று மொழிக்கும், மடிப்புத் தாளுக்கும், போனில் பார்க்கிற பிரதிக்கும் சேர்த்து மூன்றேகால் இலட்சம் ரூபாய், அச்சுச் செலவு வேறு. அச்சை மருதானையில் எங்களுக்குத் தெரிந்த அச்சகத்திலேயே செய்துகொண்டோம், மலிவாக வந்தது. ஏழு கிழமை என்று சொன்ன வேலை பதினொரு கிழமை எடுத்தது. 160 பேருக்கு இது சிறிய தொகை இல்லை, ஆனால் ஒரேயொரு மறுக்கப்பட்ட கிளெய்மின் தொகையைத் தெரிந்த எனக்கு இது அதிகமாகத் தோன்றவில்லை. இருபது முப்பது பேர் உள்ள இடமென்றால் நான் அந்த மடிப்புத் தாளை மட்டும் செய்விப்பேன்.

ஒப்பந்தம் எழுதும்போது புதுப்பித்தலைப் பற்றிக் கட்டாயம் கேளுங்கள். இங்கே எண்கள் ஓரிடத்தில் நிற்பதில்லை, 2025 ஏப்ரலில் வருமான வரிக்கான மாத எல்லை 150,000 ரூபாயானது, அதே ஏப்ரலில் குறைந்தபட்சச் சம்பளமும் மாறியது. காப்புறுதியோ வருடாவருடம் புதுப்பிக்கப்படுகிறது. எங்களுக்கு வருடத்தில் ஒரு திருத்தம் இலவசம், அதற்கு மேலே பக்கத்துக்குக் காசு. ஆகவே மாறக்கூடிய எண்களையெல்லாம் நடுவில் ஒரு தனித் தாளில் போடச் சொன்னேன், அதை மட்டும் உருவி மாற்றலாம். தமிழ்ப் பிரதியை இலங்கை வழக்கில், யூனிகோடில், சிங்களப் பிரதியோடு ஒரே நாளில் தர வேண்டும் என்பதையும் இப்போது எழுத்தில் வாங்கியிருக்கிறேன்.

அவர்களிடமே மறுபடியும் போகிறேன். அடுத்த மாதம் காப்புறுதி புதுப்பிக்கிறோம், பெற்றோரையும் சேர்க்கச் சொல்லிக் கேட்டிருக்கிறோம், பதில் வந்ததும் 9ஆம் பக்கம் மாறும். தமிழ் வரைவு வந்தால் முதலில் பேலியகொடைக்குத்தான் போகும்.